தடுத்தவரின் வரலாறு: பக்கீர் அலியும் டாக்கா மைதானமும்

உதைபந்தாட்டத்தின் வரலாறு பெரும்பாலும் கோல் அடித்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. அடித்த கோலுக்கு ஒரு பெயர் உண்டு. அது விழுந்த நிமிடம் உண்டு. மறுநாள் பத்திரிகையில் படமும் உண்டு. விழாமற்போன கோலுக்கு இவற்றில் எதுவும் இல்லை. கம்பங்களுக்கிடையே புகவிருந்த பந்தை ஒருவர் காலை நீட்டித் தட்டிவிட்டால், அந்தச் செயல் ஆட்டம் முடியும் முன்பே மறக்கப்பட்டுவிடும். பெலே, மரடோனா என்று பேசத் தொடங்கினால் நள்ளிரவுவரை பேசும் எமது ஊர்த் தேநீர்க் கடைகளில், அவர்களை மறித்து நின்றவர்களின் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். மௌனம்தான் பதிலாகக் கிடைக்கும்.

அந்த மௌனத்துக்குள் அமிழ்ந்துபோகக் கூடாத ஒருவரைப் பற்றியது இக்கட்டுரை. அவர் நிஸாம் பக்கீர் அலி. இலங்கைத் தேசிய அணியின் பின்கள வீரர். 1980களில் பங்களாதேஷின் தலைநகர் டாக்காவில் அபஹானி கழகத்துக்காக ஆடியவர். பின்னர் அதே நாட்டில் கழகங்களுக்குப் பயிற்றுவிப்பாளரானவர். 2018 முதல் 2020இன் தொடக்கம்வரை இலங்கைத் தேசிய அணியின் தலைமைப் பயிற்றுவிப்பாளர்.

ஓர் இலக்கியச் சஞ்சிகையில் பந்தாட்டக்காரருக்கு என்ன இடம் என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கல்முனைக் கரையைச் சேர்ந்த நாம் எமது எழுத்தின் வரலாற்றை ஓரளவு பேணி வைத்திருக்கிறோம். கல்முனைக்குடியின் எம்.ஏ. நுஃமானையும் பாண்டிருப்பின் சண்முகம் சிவலிங்கத்தையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவர்கள் நாம். எமது உலமாக்களைப் பற்றி நூல்கள் உண்டு. எமது அரசியல்வாதிகளைப் பற்றித் தேவைக்கு மேலாகவே உண்டு. ஆனால் சந்தாங்கேணி மைதானத்திலும், நிந்தவூர், சாய்ந்தமருது, மருதமுனைக் கடற்கரை மணலிலும் அஸர் தொழுகைக்குப் பிறகு மஃரிப் பாங்குவரை நாள்தோறும் நடந்துவந்த ஒரு வாழ்க்கை இருக்கிறதே, அதற்கு ஏடு இல்லை. ஒரு சமூகம் தன் உடலால் செய்தவற்றையும் எழுதி வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். பக்கீர் அலியை எமது ஊர்க்காரர் என்று உரிமை கொண்டாடுவதற்காக நான் இதை எழுதவில்லை. இந்நாட்டு முஸ்லிம் ஒருவர் தன் கால்களை நம்பிக் கடல் கடந்து போய், பிற நாட்டார் மதிக்கும்படி வாழ்ந்து, கடைசியில் தன் நாட்டு அணியைச் சுமந்த கதை இது. இதில் நாம் கற்பதற்கு நிறைய இருக்கிறது.

இரு நிறங்களின் நகரம்

எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து எமது ஊர்களின் இளைஞர்கள் மேற்கே வளைகுடா நாடுகளை நோக்கிப் போனார்கள். பக்கீர் அலி போன்ற சிலர் வடகிழக்கே வங்கத்தை நோக்கிப் போனார்கள். இலங்கையில் உதைபந்தாட்டம் அப்போது பிழைப்பாக இருக்கவில்லை. இராணுவத்திலோ பொலிஸிலோ ஒரு நிறுவனத்திலோ வேலை பார்த்துக்கொண்டு மாலையில் ஆடுவதே வழமை. டாக்காவில் நிலைமை வேறு. அங்கும் முறையான தொழில்முறை லீக் 2007இல்தான் தொடங்கியது என்றாலும், எண்பதுகளிலேயே பெரிய கழகங்கள் வெளிநாட்டு வீரர்களைப் பணம் கொடுத்து அழைத்தன. இலங்கையர், நேபாளியர், ஈரானியர், ஈராக்கியர், நைஜீரியர் எனப் பலரும் அந்நகரில் ஆடினார்கள். 1986 உலகக் கிண்ணத்தில் ஈராக்குக்காக ஆடிய சமீர் ஷாகிர் மறு ஆண்டே அபஹானிக்கு வந்து சேர்ந்தார். ஈரானின் புகழ்பெற்ற கோல் காப்பாளர் நாசர் ஹெஜாஸி எதிரணியான மொஹமடன் கழகத்துக்கு வந்தார். இப்படிப்பட்டவர்கள் மத்தியில்தான் இலங்கையர்களான பக்கீர் அலியும் முன்கள வீரர் பிரேமலாலும் அபஹானிச் சட்டையில் ஆடினார்கள்.

அந்நகரின் பகையை அறியாமல் அந்தச் சட்டையின் பாரத்தை உணர முடியாது. டாக்கா மொஹமடன் 1936இல் தோன்றியது. அதற்குப் பின்னால் கல்கத்தாவின் மொஹமடன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் பெரும் புகழ் நின்றது. 1934 முதல் 1938வரை கல்கத்தா லீக்கைத் தொடர்ந்து ஐந்து முறை வென்ற கழகம் அது. ஆங்கிலேயரின் பட்டாளக் குழுக்களைத் தோற்கடித்த அந்த வெற்றிகள் இந்திய உபகண்ட முஸ்லிம்களுக்கு எவ்வளவு பெருமை தந்தன என்பதை மூத்த வாசகர்கள் அறிவார்கள். அபஹானியோ புதிய நாட்டின் புதிய கழகம். பங்களாதேஷ் பிறந்த மறு ஆண்டில், 1972இல், ஷேக் முஜிபுர் ரஹ்மானின் மகன் ஷேக் கமால் தொடங்கியது. 1975 ஆகஸ்டில் தந்தையோடு மகனும் கொல்லப்பட்டார். கழகம் மட்டும் நிலைத்தது. மொஹமடனுக்குக் கறுப்பும் வெள்ளையும். அபஹானிக்கு வான் நீலம். இவ்விரு கழகங்களும் மோதும் நாளில் நகரத்தின் கூரைகளில் இந்த நிறங்களே கொடிகளாகப் பறந்தன.

அந்தப் பகை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1982 செப்டெம்பர் 21 ஆம் திகதி சாட்சி. அன்றைய அபஹானி–மொஹமடன் ஆட்டம் கலவரத்தில் முடிந்தது. அவ்வாண்டு மார்ச்சில் ஆட்சியைக் கைப்பற்றியிருந்த ஜெனரல் எர்ஷாத்தின் இராணுவச் சட்டத்தின் கீழ் அபஹானி வீரர்கள் நால்வர் சிறைக்கு அனுப்பப்பட்டனர். காஸி சலாஹுத்தீன், அஷ்ரபுத்தீன் சுன்னு, கோலாம் ரப்பானி ஹெலால், காஸி அன்வர் ஆகியோரே அந்நால்வர். மக்கள் கொதித்தெழுந்தனர், சில வாரங்களில் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். பங்களாதேஷ் ரசிகர்கள் அதைக் கறுப்புச் செப்டெம்பர் என்று இன்றும் நினைவுகூர்கிறார்கள். மைதானத்தில் நடந்த தள்ளுமுள்ளுக்கு இராணுவ நீதிமன்றம் தீர்ப்பு வழங்கும் ஊரில்தான் அந்நியரான ஒருவர் தன் தொழிலைச் செய்ய வேண்டியிருந்தது.

அபஹானி 1983, 1984, 1985 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து லீக்கை வென்றது. அந்தக் கழகத்தின் பொற்காலங்களில் ஒன்று அது. பக்கீர் அலி அதன் பின்களத்தில் நின்ற காலமும் அதுவே. 1985இல் ஆசியக் கழகங்களுக்கான போட்டியின் மத்திய ஆசியப் பிரிவு கொழும்பில் நடந்தபோது அபஹானியும் வந்தது. இலங்கையர் ஒருவரைப் பணம் கொடுத்து வைத்திருந்த கழகம், அவருடைய நாட்டுக்கே விருந்தாளியாக வந்து ஆடியது. அந்தப் பிரிவில் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் வென்றது.

பள்ளிக்கூட வாத்தியாரின் பாரம்பரியம்

ஒரு பின்கள வீரர் பயிற்றுவிப்பாளராவது புதுமையல்ல. அதற்குக் காரணமும் உண்டு. முன்கள வீரர் ஆட்டத்தின் பெரும் பகுதியில் கோல் கம்பத்துக்கு முதுகு காட்டி நிற்கிறார். தன் பின்னால் வருபவர் யாரென்றே அவருக்குத் தெரியாது. பின்களத்தில் நிற்பவருக்கு முழு மைதானமும் முகத்துக்கு நேரே விரிந்து கிடக்கிறது. சக வீரர் பத்துப்பேரில் கோல் காப்பாளரைத் தவிர மற்ற அனைவரும் அவர் கண்ணில் படுகிறார்கள். யார் இடம் பெயர்ந்தார், எங்கே ஓட்டை விழுந்தது, எந்த நேரத்தில் வரிசையை முன்னே நகர்த்தினால் எதிரி ஓஃப்சைட் ஆவான் என்பதையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டே, கத்திச் சொல்லிக்கொண்டே ஆட வேண்டும். காலைவிட அவருக்குக் கண்ணும் குரலும் முக்கியம். அது ஏறத்தாழ ஒரு வகுப்பாசிரியரின் வேலை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் கரும்பலகைப் பக்கமிருந்து பார்ப்பவனுக்கே கடைசி வாங்கில் நடப்பது தெரியும்.

இந்த உவமையை நான் வலிந்து கொண்டுவரவில்லை. தெற்காசியாவின் மிகப் பெரிய பயிற்றுவிப்பாளர் என்று போற்றப்படும் ஐதராபாத் செய்யத் அப்துல் ரஹீம் (1909–1963) தொழிலால் ஒரு பாடசாலை ஆசிரியர். 1951இல் டில்லியிலும் 1962இல் ஜகார்த்தாவிலும் இந்தியாவுக்கு ஆசிய விளையாட்டுத் தங்கம் பெற்றுத் தந்தவர். 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் அவர் அணி நான்காமிடம் பெற்றது. ஜகார்த்தாவுக்குப் புற்றுநோயோடு போனார். மறு ஆண்டு ஜூனில் காலமானார். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயின்ற நாட்களில் கல்வி உளவியல் பாடத்துக்காக எத்தனையோ மேனாட்டு அறிஞர்களின் பெயர்களை நாங்கள் மனனம் செய்தோம். அருகிலுள்ள நாட்டில் எமது மொழிக்கு அண்மையான பண்பாட்டில் வாழ்ந்த இந்த ஆசிரியரின் பெயரும் அந்த வரிசையில் இருக்கத் தகும் என்று இப்போது நினைக்கிறேன்.

1962 இறுதிப்போட்டியில் ஒரு செய்தி உண்டு. இந்தியா தென் கொரியாவை 2–1 என வென்றது. கோல் அடித்தவர்களில் ஒருவர் ஜர்னைல் சிங். அவர் உண்மையில் பின்கள வீரர். தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்ததால் ரஹீம் அவரை முன்களத்தில் நிறுத்தினார். அந்தக் காலத்தில் ஆசியாவின் தலைசிறந்த பின்கள வீரர்களில் ஒருவர் அவர். ஆனால் இன்று அவர் பெயர் வரும்போதெல்லாம் பேசப்படுவது அந்தக் கோல்தான். பல ஆண்டுகள் அவர் தடுத்தவை எல்லாம் ஒரு பக்கம். அடித்த ஒன்று மறு பக்கம். தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ரஹீமின் ஊரில் உருவான இன்னொரு பின்கள வீரர் செய்யத் நயீமுத்தீன். 1970 பேங்கொக் ஆசிய விளையாட்டில் ஜப்பானை 1–0 என வென்று வெண்கலம் பெற்ற இந்திய அணியின் தலைவர். கல்கத்தாவின் மூன்று பெரிய கழகங்களுக்கும் ஆடியவர். பயிற்றுவிப்பாளராக 2005இல் கராச்சியில் இந்தியாவுக்குத் தெற்காசியக் கிண்ணத்தைப் பெற்றுக் கொடுத்தார். 2007இல் பங்களாதேஷ் தேசிய அணியையும் பயிற்றுவித்தார். 1991இல் அவர் ஈஸ்ட் பெங்காலைப் பயிற்றுவித்தபோது, டாக்கா அபஹானியின் பின்கள வீரர் மொனெம் முன்னாவைக் கல்கத்தாவுக்கு அழைத்துக்கொண்டார். கல்கத்தா ரசிகர்கள் முன்னாவைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். சிறுநீரக நோயால் 2005இல் இளவயதிலேயே முன்னா மறைந்தார். ஐதராபாத், கல்கத்தா, டாக்கா, கொழும்பு என எல்லைகளைத் தாண்டிப் பின்கள வீரர்களின் ஒரு கைமாற்று நடந்திருப்பதை இந்தப் பெயர்களைக் கோத்துப் பார்க்கும்போது காணலாம். பக்கீர் அலியும் அந்தக் கோவையில் ஒரு மணி.

கூலி குறைந்த கதை

பக்கீர் அலி ஆடிய காலத்துக்கும் பயிற்றுவித்த காலத்துக்கும் இடையில் ஆட்டத்தின் சட்டமே மாறிவிட்டது. இதைக் கவனத்திற் கொள்ளாமல் பயிற்றுவிப்பாளரான பின்கள வீரரின் சிரமத்தை விளங்கிக்கொள்ள முடியாது.

எண்பதுகளில் ஒரு பின்கள வீரர் நெருக்கடிக்குள்ளானால் பந்தைத் தன் கோல் காப்பாளரிடம் திருப்பி உதைப்பார். அவர் கையால் எடுத்துக்கொள்வார். மூச்சுவிட நேரம் கிடைக்கும். 1992இல் அந்த வழி அடைக்கப்பட்டது. தன் அணியினர் காலால் வேண்டுமென்றே திருப்பித் தரும் பந்தைக் கோல் காப்பாளர் கையால் தொடக்கூடாது என்றானது. அன்றிலிருந்து, தடுத்தால் மட்டும் போதாது, தடுத்த பந்தைத் தாளாமல் தொட்டு ஆடவும் வேண்டும் என்ற நிலை பின்களத்தாருக்கு வந்தது.

இரண்டாவது மாற்றம் புள்ளியில். முன்பு வெற்றிக்கு 2 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி. 1994 உலகக் கிண்ணத்திலிருந்து வெற்றிக்கு 3 புள்ளி. கோல் எதுவும் விழாமல் ஓர் ஆட்டத்தைக் காத்துத் தந்தால் அது முன்பு வெற்றியில் பாதி, இப்போது மூன்றிலொன்று. விரைவான ஆட்டம் வேண்டும் என்று உலகம் கருதியது. அதில் தவறில்லை. ஆனால் தடுப்பவரின் கூலி குறைந்துவிட்டது என்பதும் உண்மை. சிறிய நாடுகளின் அணிகளுக்குத் தடுப்பதைத் தவிர வேறு செல்வம் இல்லை என்பதால் இந்தக் குறைப்பு அவர்களையே அதிகம் தாக்கியது.

எமது மைதானங்களில் பின்களத்தில் நிற்பவனைப் ‘பெக்’ என்போம். ஆள் போனால் பந்து போகக்கூடாது, பந்து போனால் ஆள் போகக்கூடாது என்பதே மூத்த பெக்மார் இளையவர்களுக்குச் சொல்லித்தரும் முதற் பாடம். புதிய சட்டங்களுக்குப் பிறகு அந்தப் பாடம் பாதிப் பாடமாகிவிட்டது. ஆடுவதை நிறுத்தியபின் பக்கீர் அலி பங்களாதேஷிலேயே ஷேக் ஜமால் தன்மண்டி போன்ற கழகங்களைப் பயிற்றுவித்தார். தான் ஆடிய முறை வேறு, கற்பிக்க வேண்டிய முறை வேறு என்ற நிலையில் தன் அனுபவத்தைப் புதிய தலைமுறைக்குப் பெயர்த்துக் கொடுக்கும் வேலை அது. பாடத்திட்டம் மாறும்போதெல்லாம் ஆசிரியர்களாகிய நாங்களும் இதைத்தான் செய்கிறோம்.

நாணயம் விழுந்த பக்கம்

2018இல் அவர் இலங்கைத் தேசிய அணியை ஏற்றபோது அது உலகத் தரவரிசையில் இருநூறாம் இடத்தை ஒட்டிக் கிடந்தது. 1995இல் கொழும்பில் இந்தியாவை 1–0 என வென்று தெற்காசியக் கிண்ணத்தைப் பெற்ற நாடு, அதற்குப் பின் அந்தக் கிண்ணத்தைத் தொட்டதில்லை. 2018 செப்டெம்பரில் தெற்காசியச் சுற்றுப்போட்டி நடந்த இடம் டாக்கா. பக்கீர் அலி இளமையில் ஆடிய அதே நகரம். பங்களாதேஷ் உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தலைவராக அப்போது இருந்தவர் காஸி சலாஹுத்தீன். 1982இல் சிறைசென்ற அதே அபஹானி வீரர்தான். ஒருவர் போட்டியை நடத்துபவராகவும் மற்றவர் விருந்தினர் அணியின் பயிற்றுவிப்பாளராகவும் பழைய கழகத்தார் இருவர் மீண்டும் ஒரே மைதானத்துக்கு வந்தனர்.

சுற்றுப்போட்டிக்கு முன், ஆகஸ்ட் 29 ஆம் திகதி வடக்கேயுள்ள நீல்பாமாரியில் ஒரு சிநேகபூர்வ ஆட்டம் நடந்தது. அந்த மைதானம் அப்போது அபஹானியை நிறுவிய ஷேக் கமாலின் பெயரைத் தாங்கியிருந்தது. மொஹமட் பஸாலின் கோலால் இலங்கை பங்களாதேஷை அதன் சொந்த மண்ணிலேயே 1–0 என வென்றது. ஒரு கோலை அடித்து, மிகுதி நேரம் முழுவதும் அதைக் காத்து நின்ற வெற்றி. ஒரு பின்கள வீரரின் கையெழுத்தை அதில் காணலாம்.

பின்னர் டாக்காவில், அப்போது பங்கபந்து தேசிய மைதானம் என்றழைக்கப்பட்ட இடத்தில், இலங்கை இரண்டு ஆட்டங்கள் ஆடியது. செப்டெம்பர் 5இல் இந்தியாவிடம் 0–2 எனத் தோல்வி. செப்டெம்பர் 7இல் மாலைதீவுடன் 0–0. செப்டெம்பர் 9இல் இந்தியா மாலைதீவையும் 2–0 என வென்றது. மூன்று அணிகளே கொண்ட பிரிவு அது. இலங்கைக்கும் மாலைதீவுக்கும் எல்லாம் சமம். ஒரு புள்ளி, அடித்த கோல் இல்லை, வாங்கிய கோல் இரண்டு. எதைக் கொண்டு பிரிப்பது? நாணயத்தைச் சுண்டினார்கள். நாணயம் மாலைதீவின் பக்கம் விழுந்தது.

மாலைதீவு அரையிறுதியில் நேபாளத்தை 3–0 எனவும், 15ஆம் திகதி இறுதிப்போட்டியில் இந்தியாவை 2–1 எனவும் வென்று தெற்காசியச் சம்பியனானது. பிரிவு ஆட்டங்களில் ஒரு வெற்றியோ ஒரு கோலோ இல்லாத அணி கிண்ணத்தை உயர்த்தியது. அதே அளவு ஆடிய அணி அதற்குள் வீடு திரும்பிவிட்டது. அந்தச் சம்பியனைத் தொண்ணூறு நிமிடம் கோலின்றி நிறுத்தியவர்கள் பக்கீர் அலியின் பிள்ளைகள் என்பதை எந்தப் பதிவும் பெரிதாகச் சொல்லவில்லை. வரலாறு சில வேளைகளில் திறமையால் நகர்வதில்லை என்று மாணவருக்குச் சொல்லும்போது நான் இந்த நாணயத்தையே உதாரணமாகக் காட்டுகிறேன்.

2019இன் இலங்கை

அடுத்து நடந்தது இதைவிடக் கனமானது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. ஐந்து நாட்களின் பின், ஏப்ரல் 26இல், எமது சாய்ந்தமருதில் சிறுவர்களையும் பலிகொண்ட அந்த இரவு. மே மாதத்தில் குருநாகல், மினுவாங்கொட பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அந்த நாட்களில் அடையாள அட்டையில் எமது பெயரைப் படித்ததும் முகம் மாறாத சோதனைச் சாவடி அரிது. இந்த நாடு உங்களுடையதா என்ற கேள்வி சொல்லாமலே கேட்கப்பட்டது. அதை நாம் ஒவ்வொருவரும் அனுபவித்தோம். மீண்டும் விவரிக்கத் தேவையில்லை.

அதே வாரங்களில் இலங்கைத் தேசிய உதைபந்தாட்ட அணி உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அந்த அணியின் தலைமைப் பயிற்றுவிப்பாளர் பக்கீர் அலி என்ற முஸ்லிம். அணியிலும் முஸ்லிம்கள் இருந்தார்கள். சிங்களவரும் தமிழரும் அவர்களோடு ஒரே சட்டையை அணிந்தார்கள். ஜூன் 6இல் சீனாவின் சுஹாய் நகரில் மக்காவு அணியிடம் இலங்கை 0–1 எனத் தோற்றது. ஜூன் 11இல் கொழும்பில் மறு ஆட்டம். பாதுகாப்பில்லை என்று கூறி மக்காவுச் சங்கம் அணியை அனுப்ப மறுத்தது. ஆட விரும்பிய மக்காவு வீரர்களே தம் சங்கத்தை எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். பயனில்லை. பீபா அந்த ஆட்டத்தை 3–0 என இலங்கைக்கு வழங்கியது. முந்திய ஆண்டு நாணயத்தால் வெளியேறிய அணி, இம்முறை ஆடாத ஆட்டத்தால் அடுத்த சுற்றுக்குப் போனது. நாட்டை உலுக்கிய குண்டுகளின் புகை உதைபந்தாட்ட அட்டவணைக்குள்ளும் புகுந்திருந்தது.

அடுத்த சுற்றில் காத்திருந்தவை துர்க்மெனிஸ்தான், வட கொரியா, தென் கொரியா, லெபனான். 2019 செப்டெம்பரில் கொழும்பில் துர்க்மெனிஸ்தானிடம் 0–2. வட கொரியாவிடம் 0–1. ஒக்டோபர் 10இல் ஹ்வாசொங் நகரில் தென் கொரியாவிடம் 0–8. முந்திய ஆண்டு உலகக் கிண்ணத்தில் ஜேர்மனியை 2–0 என வீழ்த்திய நாடு அது. பின்னர் கொழும்பில் லெபனானிடம் 0–3. நவம்பரில் துர்க்மெனிஸ்தானிடம் மீண்டும் 0–2. ஐந்து ஆட்டங்கள், வாங்கியவை 16, அடித்தவை எதுவுமில்லை. வாழ்நாள் முழுவதும் கோலைத் தடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு இந்தக் கணக்கு எப்படி வலித்திருக்கும்! ஆனால் இன்னொரு வகையிலும் இந்தக் கணக்கைப் படிக்கலாம். தென் கொரிய ஆட்டத்தை விட்டுவிட்டால் நான்கு ஆட்டங்களில் எட்டுக் கோல். ஆட்டத்துக்கு இரண்டு. தொழில்முறை லீக் இல்லாத நாட்டின் வீரர்கள், ஆட்டத்தையே வாழ்வாகக் கொண்டவர்களை எதிர்த்து நின்ற கணக்கு அது.

2020 பெப்ரவரியில் பொஸ்னியாவில் பிறந்த அவுஸ்திரேலியரான அமீர் அலாகிச் பொறுப்பேற்றார். பக்கீர் அலி மீண்டும் பங்களாதேஷுக்குப் போய் அங்குள்ள பொலிஸ் கழகத்தைப் பயிற்றுவித்தார். தன் நாட்டில் வேலை முடிந்ததும் திரும்பிப் போக அவருக்கு ஒரு நகரம் இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் தன் கால்களால் சம்பாதித்த நகரம்.

அதன் பிறகான கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2021 ஜூனில் லெபனானிடம் 2–3 எனத் தோற்ற ஆட்டத்தில் இலங்கையின் இரண்டு கோல்களையும் அடித்தவர் ஜேர்மனியில் பிறந்து வளர்ந்த வசீம் ராசிக். 2023 ஜனவரியில் பீபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஆகஸ்டில் தடை நீங்கியது. 2024 செப்டெம்பரில் கம்போடியாவைத் தண்ட உதைகளில் வென்ற அணியில் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் பலர் இருந்தனர். ஒரு காலத்தில் இங்கிருந்து ஆடப் போனார்கள். இப்போது அங்கிருந்து ஆட வருகிறார்கள். வருவது நல்லதுதான். ஆனால் கல்முனையிலோ மன்னாரிலோ மணலில் ஓடும் ஒரு பையன் அந்த இடத்துக்குப் போகும் பாதை இதனால் தானாகத் திறந்துவிடாது. அதற்கு ஊர்தோறும் பயிற்றுவிப்பாளர் வேண்டும். பக்கீர் அலியைப் போன்றவர்கள் வெளிநாட்டுக் கழகங்களில் செலவிட்ட ஆண்டுகளில் ஒரு பகுதியையேனும் இந்த நாட்டின் மாகாணங்களுக்குப் பெறும் ஏற்பாடு ஒன்று இருந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்றே நான் கருதுகிறேன்.

எழுதப்பட வேண்டியவை

கடந்த தவணையில் ஒன்பதாம் தர மாணவருக்கு வரலாற்றுப் பாடத்தில் ஒரு வேலை கொடுத்தேன். வாப்பாவிடமோ மூத்தாப்பாவிடமோ, அயலிலுள்ள காக்காமாரிடமோ போய், ஊரில் முன்பு யார் யார் எந்த இடத்தில் பந்தடித்தார்கள் என்று கேட்டு எழுதி வர வேண்டும். கோல் அடித்தவர்களின் பெயர்கள் முதல் நாளே வந்துவிட்டன. பெக்மாரின் பெயர்கள் வர இரண்டு வாரம் பிடித்தது. மருதமுனையில் தாய்வழி உறவுள்ள ஒரு மாணவன், தன் மூத்தாப்பா பகலில் தறியில் இருந்துவிட்டு மாலையில் பெக் ஆடியவர் என்று அறிந்து வந்தான். இதுவரை அவர் வீட்டில் இதை ஒருவரும் கேட்டதில்லையாம். “அவர் எத்தனை கோல் அடிச்சார் எண்டு எழுதுற சேர்?” என்று கேட்டான். எத்தனை வருடம் ஆடினார், யாரை மறித்தார் என்று எழுது என்றேன். அவன் கொண்டுவந்த இரண்டு பக்கமும் இப்போது வகுப்புக் கோப்பில் இருக்கின்றன.

2004 டிசம்பர் 26இல் கடல் எமது கரையோரத்தில் உயிர்களோடு ஏடுகளையும் கொண்டுபோனது. பாடசாலைகளின் சம்பவத் திரட்டுப் புத்தகங்கள், கழகங்களின் அறிக்கைக் கொப்பிகள், கிண்ணத்தோடு எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் என எத்தனையோ போயின. எஞ்சியிருப்பவை முதியவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. அவையும் ஆண்டுதோறும் குறைந்துகொண்டு வருகின்றன.

பக்கீர் அலியின் வாழ்க்கையைச் சேர்த்துப் பார்க்கும்போது அதில் கிண்ணங்களும் உண்டு, பதினாறு கோல் வாங்கிய ஆண்டும் உண்டு, நாணயம் மறுபக்கம் விழுந்த நாளும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் நடுவே ஒருவர் தம் இடத்தை விட்டு நகராமல் நின்றிருக்கிறார். சமூகங்களையும் இப்படி நின்றவர்களே காக்கிறார்கள். கலவரம் வராமல் தடுத்த பள்ளிவாசல் தலைவர், பிள்ளை பாடசாலையை விட்டு விலகாமல் தடுத்த உம்மா, இரு ஊர்ப் பையன்களின் சண்டை பெரிதாகாமல் தடுத்த நடுவர். நடக்காமற்போன தீமையை எவரும் பதிவு செய்வதில்லை. ஆகவே அவர்களும் பதிவாவதில்லை.

இச்சஞ்சிகையின் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். உங்கள் ஊர் மைதானத்தில் பெக் ஆடியவர்களில் உயிரோடிருப்பவர் ஒருவரையாவது இந்த மாதம் போய்ப் பாருங்கள். பெயர், கழகம், ஆண்டு, எதிரே நின்றவர்கள் ஆகியவற்றை எழுதி எடுங்கள். அணிப் படம் ஏதும் இருந்தால் பிரதி செய்துகொள்ளுங்கள். தமிழ் ஊர்க் கழகங்களோடு ஆடிய ஆட்டங்களை மறவாமல் கேளுங்கள். ஊருக்கு ஒரு கொப்பி சேர்ந்தால் போதும். எமது கரையின் வரலாற்றில் இதுவரை எழுதப்படாத ஒரு பாகத்துக்கு அதுவே தொடக்கமாகும்.